செப்பு அண்டாவில் வெந்தது

"நிறுத்து!" என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டு தெல்மா கிராப்ட்ரீ ரிமோட்டை அமுக்குகிறார். திரையில் ஒரு கொலைகாரன், ஓங்கிய கத்தியோடு அப்படியே உறைந்து நிற்கிறான். தெல்மா நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்து, தொலைக்காட்சிக்கு ஒரு சாண் தூரம்வரை போய் மூக்கை நீட்டுகிறார்.

"மணிக்கட்டைப் பாரு டெரெக். வெள்ளையா ஒரு பட்டை தெரியுதா? கடிகாரம் கட்டின தடம். எழுதிக்கோ."

"கடிகாரத்தைத்தான் கழட்டிட்டானே பொண்ணே. தடத்துக்குமா?"

"கழட்டினா போதுமா? ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தி மூணுல எந்த நூற்பாலைத் தொழிலாளி மணிக்கட்டுல கடிகாரம் கட்டிக்கிட்டுத் திரிஞ்சான்? அப்ப தடம் எங்கேருந்து வந்துச்சு? எழுது. ஒம்பது."

டெரெக் லம் நோட்டில் ஒன்பது போடுகிறார். எண்பது வயது; பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்; பக்கத்து வீடு. தெல்மாவுக்கு எழுபத்தெட்டு என்றாலும் டெரெக்கின் வாயில் 'பொண்ணே' என்பதைத் தவிர வேறு எதுவும் வராது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு இருவரும் உட்கார்ந்தால், படம் முடியும்வரை ரிமோட் தெல்மாவிடம், பென்சில் டெரெக்கிடம். பதினொரு வருடமாக இந்தப் பங்கீடு மாறியதில்லை. இஞ்சிக் கேக்கில் டெரெக்குக்கு ஒரு துண்டுதான். சர்க்கரை நோய்க்காரர். கேக் தட்டு தெல்மாவின் முழங்கை அண்டையிலேயே இருக்கும்.

அவர்கள் பார்ப்பது ஒரே வகைப் படம்: விக்டோரியா ராணி காலத்தில் நடந்து, இன்றுவரை துப்புத் துலங்காத கொலைகளைப் பற்றிய ஆவணப்படங்கள். ஏதாவது ஒரு சேனலில் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. தெல்மா பார்ப்பது கொலைக்காக அல்ல, தப்புக்காக. முதுகில் ஜிப் வைத்த கவுன். விசிலே வராத காலத்தில் விசில் ஊதும் போலீஸ்காரன். அப்போது அவன் கையில் இருந்தது மரக் கிலுகிலுப்பை. ஊரே திங்கட்கிழமை துவைத்த காலத்தில் சனிக்கிழமை இரவு துவைத்த துணி. எல்லாத் தெருவிலும், எல்லா மாதத்திலும் மூடுபனி. "இந்தப் பனிக்கு யாருடா கூலி கொடுக்கறது?" என்று தெல்மா திரையைப் பார்த்துக் கேட்பார். ஒரு படத்துக்குச் சராசரி பதினொன்று தேறும். பத்தொன்பது தேறிய நாளில் டெரெக்குக்கு இரண்டாவது துண்டு கேக் கிடைத்தது.

எழுதிய தப்புகளை அப்படியே விட்டுவிடுவதும் இல்லை. புதன்கிழமை காலை சேனலுக்குக் கடிதம் போகும். பதில் வந்தால் சமையலறை அடுப்புக்கு மேலே கட்டியிருக்கும் கொடியில், துணி மாட்டும் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார். இன்றைய தேதிக்கு அறுபத்தியொரு கடிதம். அறுபதில் 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று அச்சடித்திருக்கிறது. ஒன்றில் மட்டும் யாரோ கையால் எழுதியிருக்கிறார்கள்: 'ஜிப் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. மன்னிக்கவும்.' அந்தக் கடிதத்துக்கு மட்டும் இரண்டு கிளிப்.

இதெல்லாம் படித்து வந்த அறிவு என்று யாரும் நினைக்க வேண்டாம். பதினைந்து வயதில் மாவட்ட மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் சேர்ந்து, முப்பத்தெட்டு வருடம் கழித்து மேற்பார்வையாளராக வெளியே வந்தவர். ஒரு படுக்கை விரிப்பை விரித்துப் பார்த்தால் எந்த வார்டு, என்ன நோய், இரவு நர்ஸ் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தாளா இல்லையா என்று சொல்லிவிடுவார். அப்படி இரண்டு நர்ஸுகளின் தூக்கத்தைக் கெடுத்தும் இருக்கிறார், சொன்னது சரியாக இருந்ததால். "மனுசன் சொல்றத அப்புறம் கேக்கலாம். முதல்ல துணியக் காட்டு" என்பது அவர் வாயில் தினமும் வரும் வார்த்தை.

வியாழக்கிழமைகளில் ஆல்டர்ஷா அருங்காட்சியகத்தில் சம்பளமில்லாத வேலை. அங்கே பின்கட்டில் பழைய சலவை அறை ஒன்று இருக்கிறது. செங்கல் அடுப்பில் பதித்த, துணி அவிக்கும் செப்பு அண்டா. கீழே நெருப்பு, மேலே மர மூடி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் தெல்மா அதைப் பற்றவைத்து, அந்தக் காலத்தில் எப்படித் துவைத்தார்கள் என்று காட்டுவார். ஊரில் அந்த அண்டாவைப் புகையடிக்காமல் பற்றவைக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

அதனால்தான் போன ஜூலையில் லண்டனிலிருந்து இமோஜென் என்ற பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஆவணப்பட இயக்குநர். ஆல்டர்ஷாவின் பேங்க் ஹவுஸ் கொலையைப் படமாக எடுக்கிறார்கள். ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை அண்டாவைப் பற்றவைத்துத் தர முடியுமா?

தெல்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வினிகரும் உப்பும் போட்டு அண்டாவைத் தேய்த்ததில் அதில் முகம் பார்க்கலாம் போல் ஆயிற்று. வேலியைத் தாண்டி டெரெக்கிடம் கத்தினார்: "இத்தனை வருசமா தப்பு கண்டுபிடிச்சேன். இந்தத் தடவை தப்பே வராம பாத்துக்கப் போறேன்! பூஜ்யம் டெரெக்! பூஜ்யம் வாங்கப் போற முதல் படம்!"

டெரெக் பீன்ஸ் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "பேங்க் ஹவுஸா?" என்றார். தண்ணீர் வழிந்து அவர் செருப்பை நனைத்தது. சர்க்கரை நோய்க்காரர் ஈரக் காலோடு நிற்கக் கூடாது என்று தெல்மா திட்டிய பிறகுதான் நகர்ந்தார்.

அவர் அப்படி நின்றதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறு, நவம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. கம்பளி வியாபாரி ஜோசையா த்ரெல்ஃபால் தன் வீடான பேங்க் ஹவுஸின் படிப்பறையில் மண்டை உடைந்து கிடந்தார். வீட்டார் மாலை ஆராதனைக்குச் சபைக்குப் போயிருந்தார்கள். அவரோடு வீட்டில் இருந்தது வேலைக்காரி ஒருத்திதான்: ஹெஸ்டர் லம், வயது பத்தொன்பது. அன்று மாலை முழுக்க அந்த வீட்டுச் சலவை அறையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்ததை எதிர்வீட்டுக்காரர் பார்த்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையில் எவள் துணி துவைப்பாள், ரத்தக் கறையை மறைக்க வேண்டியவளைத் தவிர? மாஜிஸ்திரேட் சாட்சி போதாது என்று அவளை விட்டுவிட்டார். ஊர் விடவில்லை. எழுபது வயதுவரை அதே ஊரில் இருந்தாள். சபையில் அவள் கையால் ஒரு கோப்பை தேநீர் யாரும் வாங்கியதில்லை.

ஹெஸ்டர், டெரெக்கின் தாத்தாவுக்கு அத்தை முறை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் டெரெக்கைச் சுற்றி நின்று 'லம் வீட்டு ஏப்ரன் என்ன நிறம்?' என்று பாடியிருக்கிறார்கள். டெரெக்கின் அப்பா அந்தப் பெயரை வீட்டுக்குள் சொல்லவே விட்டதில்லை. டெரெக்கும் சொல்வதில்லை. சொல்ல வேண்டி வந்தால் 'அந்தப் பொண்ணு' என்பார்.

படப்பிடிப்புக்கு மூன்று நாள் முன்பு, திங்கட்கிழமை, இமோஜென் படத்தின் கதைத்தாள்களை அனுப்பினாள். தெல்மா நின்றபடியே கடைசித் தாளைப் புரட்டினார். 'ஹெஸ்டர் ரத்தம் தோய்ந்த ஏப்ரனைக் கொதிக்கும் அண்டாவில் போடுகிறாள். ஆவி எழுகிறது. நூற்று ஐம்பது வருட மர்மம் இங்கே தீர்கிறது.'

தாளைச் சுருட்டிக் கையில் பிடித்தார். பிறகு தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு, வீட்டுச் செருப்போடு, டெரெக்கின் சமையலறைக்குள் நுழைந்தார்.

"டெரெக்! ரத்தக் கறை பட்ட துணியை நீ எதுல போடுவே?"

"உன் கையில போடுவேன்."

"கிண்டல் பண்ணாத கிழவா. கொதிக்கிற தண்ணியில போட்டா என்ன ஆகும் தெரியுமா? வெந்துடும்! முட்டை வேகற மாதிரி நூல்லயே வெந்து ஒட்டிக்கும். அப்புறம் கர்த்தரே இறங்கி வந்து தேச்சாலும் போகாது. பச்சைத் தண்ணி, உப்பு. இது பன்னெண்டு வயசு வேலைக்காரிக்குக்கூடத் தெரியும். மாசா மாசம் தன் துணியத் தானே துவைக்கிறவளுக்குத் தெரியாதா? ஹெஸ்டர் ஏப்ரனை அண்டாவுல போடல. போட்டிருக்கவே மாட்டா!"

டெரெக் மாத்திரைப் பெட்டியைத் திறந்து மூடினார். "அப்ப எதுக்கு ஆவி வந்துச்சு?"

தெல்மா சுருட்டிய தாளைப் பிரித்து அந்த வரியை மறுபடி படித்தார்.

"விடு பொண்ணே. அந்தப் பொண்ணு செத்து நூறு வருசம் ஆகப் போகுது. இவங்க டிவியில சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. ஊரு ஏற்கனவே சொன்னதுதான."

"ஊரு சொன்னப்ப 'இருக்கலாம்'னு சொல்லுச்சு. இவங்க 'தீர்ந்துச்சு'ன்னு சொல்லப் போறாங்க. நாடே பாக்கும்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பதினொரு வருடத்தில் முதல் முறையாக மூன்று மணிக்குத் தெல்மாவின் தொலைக்காட்சி இருட்டாக இருந்தது. அவர் நூலகத்தில், பழைய செய்தித்தாள்களைக் காட்டும் கருவிக்கு முன்னால் இருந்தார். இரண்டு கண்ணாடிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, பிரேத விசாரணைச் செய்தியைப் பொடி எழுத்தில் வரிவரியாகப் படித்தார். கான்ஸ்டபிளின் சாட்சியம் முக்கால் பத்தி இருந்தது. படக்காரர்கள் அதில் ஒரு வரியை எடுத்திருந்தார்கள்: 'அண்டாத் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது, மேலே ஏடு படிந்திருந்தது.' அந்த ஏட்டைச் சோப்பு என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். தெல்மா அடுத்த வரிக்குப் போனார். 'ஏடு, கொழுப்பு போல் கையில் ஒட்டியது.'

"கொழுப்பு!" என்றார் சத்தமாக. நூலகர் உதட்டில் விரல் வைத்தார்.

துணி அவிக்கும் அண்டாவில் சலவைச் சோடா போடுவார்கள். சோடா கொழுப்பைத் தின்றுவிடும். கொழுப்பு மிதந்தது என்றால் அங்கே சோடா இல்லை. சோடா இல்லை என்றால் துணி அவிக்கவில்லை. அப்படியானால் என்ன வெந்தது? கான்ஸ்டபிள் ஒழுங்கான ஆள் போலிருக்கிறது. வீட்டில் கண்ட எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். படிப்பறையில் இன்னது, கூடத்தில் இன்னது, சரக்கறையில் வெண்ணெய், பன்றித் தொடை, ஊறுகாய் ஜாடி ஆறு, துணியில் கட்டிய புட்டிங் மூன்று. துணி ஈரம்.

துணி ஈரம்.

தெல்மா கண்ணாடியைக் கழற்றிக் காலண்டருக்காகக் கைப்பையைத் துழாவினார். பிறகு அது எதற்கு என்று விரலிலேயே எண்ணினார். நவம்பர் இருபத்தாறு ஞாயிறு என்றால் டிசம்பர் மூன்று ஞாயிறு. அதுதான் ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு. அதற்கு முந்தைய ஞாயிறு என்றால், இந்த நாட்டில் பாதி வீடுகளில் கிறிஸ்துமஸ் புட்டிங் கிண்டுகிற ஞாயிறு! மாவும், மாட்டுக் கொழுப்பும், உலர்ந்த பழமும் பிசைந்து, துணியில் கட்டி, ஏழெட்டு மணி நேரம் வேகவைக்க வேண்டும். மூன்று புட்டிங் வேகிற அளவுக்குப் பெரிய பாத்திரம் ஒரு வீட்டில் ஒன்றுதான் உண்டு.

"புட்டிங்!" என்று தெல்மா எழுந்து நின்றார். "கொலையும் இல்ல ஒண்ணும் இல்ல, புட்டிங் வெந்திருக்கு!"

"அம்மா, சத்தம்..." என்றார் நூலகர்.

"நூத்தம்பது வருசம் சத்தமில்லாமதான் இருந்துச்சு. இதை ரெண்டு பிரதி எடுத்துக் கொடு ராசா."

ஒரு முடிச்சு பாக்கி இருந்தது. இவ்வளவுதான் விஷயம் என்றால் ஹெஸ்டர் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? பேருந்தில் திரும்பும்போது அதுவும் அவிழ்ந்தது. புட்டிங் ஞாயிறு பெரிய சர்ச்காரர்களின், அதாவது அரசாங்கத் திருச்சபையாரின், வழக்கம். த்ரெல்ஃபாலோ அதிலிருந்து பிரிந்த கண்டிப்பான சபைக்காரர், அதிலும் மூப்பர். ஓய்வுநாளில் அடுப்பு மூட்டி வேலை வாங்குவது அந்தச் சபையில் வெளியே தலைகாட்ட முடியாத பாவம். வீட்டம்மாள் சர்ச் குடும்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்று அதே செய்தித்தாளில் இருந்தது. அம்மா வீட்டு வழக்கத்தை விடவும் மனமில்லை, ஊரறியச் சொல்லவும் முகமில்லை. கான்ஸ்டபிள் வருமுன் புட்டிங்கை அண்டாவிலிருந்து எடுத்துச் சரக்கறைக்குள் வைத்துவிட்டாள். வேலைக்காரி வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்கவில்லை, அப்படியும் வேலை போயிற்று.

"அந்தக் கோர்ட்டுல துணி துவைக்கத் தெரிஞ்ச ஒருத்தி இருந்திருந்தா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருக்கும்" என்றார் தெல்மா, பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம். அந்தப் பெண் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே சலவை அறையில் விளக்கு, கேமரா, பத்துப் பேர். தெல்மா கசாப்புக் கடையில் வாங்கிய பன்றி ரத்தத்தை ஒரு ஜாடியிலும், இரண்டு வெள்ளைத் துணிகளைக் கையிலும் கொண்டுவந்தார். டெரெக் வரமாட்டேன் என்றவர், ஜாடியைத் தூக்க ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்து கதவருகே நின்றார்.

இமோஜென் முப்பது வயதுப் பெண். மூன்று நாள் தூங்காத கண். நல்லவள், அவசரக்காரி. தெல்மா நீட்டிய செய்தித்தாள் பிரதியை வாங்கிப் பார்த்துவிட்டு, "தெல்மா, இது அருமை. ஆனா இன்னிக்கு ஒரு நாள்தான் எங்ககிட்ட இருக்கு. முடிவு ஏற்கனவே ஒப்புதல் ஆயிடுச்சு. நீங்க அண்டாவை மட்டும் பத்தவைங்க, ப்ளீஸ்" என்றாள்.

"பத்தவைக்கறேன் கண்ணு. ஆனா கொதிக்கிற தண்ணியில ரத்தத் துணியப் போட மாட்டேன். முப்பத்தெட்டு வருசத்துல போட்டதில்ல. வேணும்னா ஒரே ஒரு தடவை போடறேன், நீ பக்கத்துல நின்னு பாக்கறதா இருந்தா."

"எவ்வளவு நேரமாகும்?"

"நீ வாக்குவாதம் பண்ற நேரத்தை விடக் கம்மி."

விளக்குக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். இமோஜெனும் வேறு வழியில்லாமல் சிரித்தாள்.

தெல்மா இரண்டு துணிகளையும் ரத்தத்தில் முக்கினார். ஒன்றைக் கொதிக்கும் அண்டாவில் போட்டார். மற்றதை வாளிப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போட்டு, தண்ணீரை மாற்றி, மறுபடி மாற்றி, இரண்டு கையாலும் கசக்கினார். யாரும் சொல்லாமலே கேமராக்காரர் கேமராவை ஓடவிட்டார். வேலைக்காரி வேடம் போட்ட நடிகைப் பெண் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அரை மணி கழித்து, மரக் கோலால் அண்டாவிலிருந்து துணியை எடுத்து உதறினார். துரு ஏறியது போல் திட்டுத் திட்டாகப் பழுப்பு. சோடா போட்டுத் தேய்த்தார், பழுப்பு அசையவில்லை. வாளித் துணியைப் பிழிந்து விரித்தார். வெள்ளை.

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். டெரெக் மட்டும் தட்டவில்லை. அவர் பழுப்புத் துணியைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இமோஜென் செய்தித்தாள் பிரதியை மறுபடி எடுத்தாள். இந்த முறை வரி விடாமல் படித்தாள். கொழுப்பு. சரக்கறை. மூன்று புட்டிங். துணி ஈரம். அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. "அடக் கடவுளே! அப்ப வீட்டம்மாதான்! மறைச்சிருக்கா பாருங்க! இது இன்னும் பெரிய முடிவு தெல்மா! வீட்டம்மாதான் கொலைகாரி!"

"அவ மறைச்சது புட்டிங்கை."

"ஆனா ஏன் மறைக்கணும்?"

"வெக்கம். ஓய்வுநாள்ல அடுப்பு மூட்டின வெக்கம். கொலைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? அந்த நேரம் சபையில நாப்பது பேருக்கு நடுவுல உக்காந்து பாட்டுப் பாடிக்கிட்டிருந்தா. அதுவும் பேப்பர்லயே இருக்கு. படி."

"அப்ப யாருதான் கொன்னது?"

"தெரியாது."

"'தெரியாது'ன்னு ஒரு படத்தை எப்படி முடிக்கறது? பாக்கறவங்களுக்கு ஒரு பதில் வேணுமே!"

தெல்மா கையைத் துடைத்துக்கொண்டு டெரெக்கைக் காட்டினார். "அந்தா நிக்கறாரு பாரு, அவரோட தாத்தாவுக்கு ஹெஸ்டர் அத்தை முறை. போன தடவை ஊருக்கு ஒரு பதில் வேணும்னு ஆசை வந்தப்ப இவங்க வீட்டு மேல எறிஞ்சாங்க. எண்பது வயசாகியும் மனுசன் அதைத் தொடைச்சுக்கிட்டிருக்காரு. நீ இன்னொரு வீட்டைத் தேடாத. தெரிஞ்சதைச் சொல்லு. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு. ஆவி வந்தது புட்டிங்ல இருந்து. அதுக்கு மேல யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அவ்வளவுதான் கண்ணு."

இமோஜென் டெரெக்கைப் பார்த்தாள். டெரெக் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். அவள் வெளியே போய் லண்டனுக்குத் தொலைபேசியில் பேசினாள். இருபது நிமிடம் பேசினாள். பாதி நேரம் கத்தினாள். உள்ளே வந்தபோது குரல் கம்மியிருந்தது. "சரி. மாவும் கொழுப்பும் எங்க கிடைக்கும்?"

"என் பையில இருக்கு" என்றார் தெல்மா.

அதற்கப்புறம் நடந்தது திருவிழா. நடிகைப் பெண்ணுக்குப் புட்டிங் துணியைக் கட்டத் தெரியவில்லை. மூன்று முறை கட்டினாள், மூன்று முறையும் அவிழ்ந்து மாவு கொட்டியது. மணி நாலாயிற்று. "கையை மட்டும் கிட்டத்துல எடுக்கறோம், நீங்களே கட்டிடுங்க தெல்மா" என்றாள் இமோஜென். பிறகு அவளே தயங்கினாள். "ஆனா பத்தொன்பது வயசுப் பொண்ணுக்கு..."

"சோடாத் தண்ணியில ஏழு வருசம் கிடந்த கைக்கு வயசு ஏது? பத்தொன்பதுலயே கிழவி கைதான்" என்று தெல்மா கைக்கடிகாரத்தைக் கழற்றி டெரெக்கின் சட்டைப் பையில் போட்டார். புடைத்த முட்டிகளும் வெடித்த நகங்களுமாக அந்தக் கைகள் மாவை உருட்டி, மாவு தூவிய துணியை நாலு மூலையும் கூட்டிப் பிடித்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரே இழுப்பில் முடிச்சிட்டன. ஒரே தடவையில் எடுத்தார்கள். ஆவிக்குள் புட்டிங் இறங்கியது.

நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு நாள், சாயங்காலம் ஏழு மணிக்குப் படம் வந்தது. செவ்வாய் இல்லை, மத்தியானமும் இல்லை. இருந்தாலும் ரிமோட் தெல்மாவிடம், பென்சில் டெரெக்கிடம். டெரெக் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். தெல்மா அதைப் பார்த்தார். கேக்கைக் கொஞ்சம் பெரிய துண்டாக வெட்டினார்.

பத்து நிமிடம். இருபது நிமிடம். நோட்டில் ஒன்றும் ஏறவில்லை. கான்ஸ்டபிள் கையில் கிலுகிலுப்பை. கவுனுக்குப் பின்னால் கொக்கி. பனிகூட இல்லை, வெறும் மழை. தெல்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பழுப்புத் துணி வந்தது, வெள்ளைத் துணி வந்தது. இரண்டு கைகள் புட்டிங்கைக் கட்டி அண்டாவில் இறக்கின. விவரிப்பவரின் குரல் சொன்னது: "அந்த ஞாயிற்றுக்கிழமை ஹெஸ்டர் லம் புட்டிங் வேகவைத்துக்கொண்டிருந்தாள். ஜோசையா த்ரெல்ஃபாலைக் கொன்றது யார் என்று யாருக்கும் தெரியாது."

டெரெக் மூக்கை உறிஞ்சினார். தெல்மா ரிமோட்டை எடுத்தார், படத்தைக் கொஞ்சம் பின்னுக்கு ஓட்டினார்.

"நிறுத்து!"

கைகள் திரையில் உறைந்தன. தெல்மா எழுந்து ஒரு சாண் தூரத்துக்குப் போனார். ஆகஸ்ட் மாதம். கோடை முழுக்கத் தோட்டத்தில் வெயில் காய்ந்த கை. ஆவிக்கும் மாவுக்கும் நடுவில், இடது மணிக்கட்டில், விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை.

"எழுதிக்கோ" என்றார்.

டெரெக் பென்சிலை அசைக்கவில்லை. "அது எங்க ஹெஸ்டர் கை" என்றார். "எங்க ஹெஸ்டர் கையில ஒரு தப்பும் இல்ல."

தெல்மா திரும்பினார். பிறகு அருகே வந்து, அவர் விரல்களுக்கு நடுவிலிருந்து பென்சிலை உருவி, நோட்டைத் தன் முட்டிமேல் வைத்து எழுதினார்: 'ஒன்று. கடிகாரத் தடம். தெல்மா கிராப்ட்ரீ.' பென்சிலைத் திரும்ப அவர் கையிலேயே செருகிவிட்டு ரிமோட்டை அமுக்கினார்.